முகூர்த்த அளவு

"அக்கா, நாப்பது நிமிஷம் நான் நல்லா இருந்தேன். என்ன ரிப்பேர்னு கொஞ்சம் பாருங்க."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் இப்படிச் சொன்னதும் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷமாக, காதுக்குப் பின்னால் பூட்டும் சமனிகளைப் பழுது பார்க்கிறவள் அவள். படபடப்பு அடங்கவில்லை, காதோரம் அரிக்கிறது, மழையில் நனைந்துவிட்டது என்று வருவார்கள். நன்றாக இருந்துவிட்டேன் என்று புகார் கொண்டுவந்தவர் இதுவரை யாருமில்லை.

"உள்ள வந்து உக்காரும்மா. பேரு?"

"ஆதிரை. கழுகுமலை ரோட்டு மண்டபத்துல நீங்கதான் எனக்குப் பூட்டுனீங்க. நாலு வருஷம் ஆச்சு. மறந்திருப்பீங்க."

மறந்துதான் போயிருந்தாள். ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபம் ஏறி இறங்குகிறவளுக்கு எந்த முகம் நினைவிருக்கும்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆதிரையின் மாமியார் வேலம்மாள் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கண் சோடாவில், ஒரு கண் மருமகள்மேல்.

"போன வாரம் வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்க்கா. தலையில அடி. ஸ்கேன் எடுக்கணும், இரும்பு எதுவும் மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லி இதக் கழட்டிட்டாங்க. அத்தை ஒத்துக்கவே இல்ல. வெறுங்காதோட போகக் கூடாதுன்னு ஒரு முல்லப் பூவக் காதுக்குப் பின்னால சொருகி விட்டாங்க."

"சரி."

"அந்தக் குழாய்க்குள்ள படுக்க வச்சாங்க. டமடமன்னு சத்தம். எல்லாரும் பயப்படுவாங்களாம். எனக்குப் பசிச்சுது."

"பசியா?"

"ஆமாக்கா. பரோட்டா சால்னா வேணும்போல பசி. வெளிய வந்து நர்ஸ்கிட்ட என்னமோ சொன்னேன், அந்தப் பிள்ள விழுந்து விழுந்து சிரிச்சுது. உள்ளங்கையப் பாத்தேன். காஞ்சு கெடந்துச்சு. என் கை காஞ்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம் மாட்டி விட்டாங்க, ரெண்டு நிமிஷத்துல பழையபடி ஆயிட்டு."

"பழையபடின்னா எப்படி?"

ஆதிரை இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "பழையபடிதான். வயித்துக்குள்ள ஈரத்துணியப் போட்டு யாரோ பிழியுற மாதிரி. எல்லாருக்கும் உள்ளதுதானே?"

செண்பகத்தின் சிரிப்பு நின்றது.

சமனி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னால் செண்பகத்துக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எந்த வீட்டில் போய்ப் பூட்டினாலும் அந்த வீட்டு பிரிட்ஜைக் காட்டித்தான் ஆரம்பிப்பாள். "பிரிட்ஜுக்கு மேல ஒரு ஸ்டெபிலைசர் இருக்குல்லா? கரண்டு ஏறினா அது குறைக்கும், குறைஞ்சா ஏத்தும். பிரிட்ஜுக்கு எப்பவும் ஒரே அளவு. நம்ம உடம்புலயும் அப்படித்தான். கோபம், பயம், துக்கம் எல்லாம் மனசுக்கு வாரதுக்கு முன்னால உடம்புல ஓடும். நாடி துடிக்கும், கை வேர்க்கும், மூச்சு மேல மேல வாங்கும். காதுக்குப் பின்னால இந்தப் பொத்தான் அதையெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கும். அளவு தாண்டுச்சுன்னா, இருதயத்துக்கு ஓடுற நரம்புல எறும்பு கடிச்ச மாதிரி ஒரு தட்டு. உடம்பு இறங்கும். உடம்பு இறங்கினா மனசும் கூடவே இறங்கும். சோர்ந்து போனா அதே மாதிரி ஏத்தியும் விடும்."

முதலில் அது மருந்தாகத்தான் வந்தது. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத தாய்மார்கள், கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறவர்கள், கூட்டத்தைக் கண்டால் மூச்சடைத்துப் போகிறவர்கள் எல்லாம் அதைப் பூட்டிக்கொண்டு மனிதர்களாக நடமாடினார்கள். அதில் பொய்யில்லை, செண்பகமே கண்ணால் கண்டிருக்கிறாள். பிறகு யாரோ ஒரு தகப்பனுக்கு, புது வீட்டுக்குப் போகிற பெண் பழகும்வரை கஷ்டப்படக் கூடாதே என்று தோன்றியது. பாத்திரம் பண்டத்தோடு ஒரு சமனியும் சீரில் போனது. அடுத்த வருஷம் சமனி இல்லாத சீர், சீராகவே இல்லை. மாப்பிள்ளைகளுக்கு யாரும் பூட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

ஸ்டெபிலைசருக்குச் சரியான அளவு இவ்வளவு என்று ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும் அல்லவா? சமனிக்கும் அப்படியே. பூட்டும்போது மூன்று நிமிஷம் அசையாமல் உட்கார வைத்து உடம்பைப் படிப்பார்கள். அதுதான் அந்த ஆளின் சைபர், பூஜ்யம். அதற்குமேல் போனாலும் கீழே போனாலும் கருவி அந்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே அளவை அமைதியான இடத்தில், சாதாரண நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறார உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்று கையேட்டின் நான்காம் பக்கம் சொல்கிறது.

செண்பகம் ஆதிரையின் கோப்பைத் திரையில் திறந்தாள்.

அளவு எடுத்த இடம்: மண்டபம், மணமகள் அறை. நேரம்: காலை ஐந்து நாற்பது. நாடி: நூற்றுப் பதினெட்டு. தோலில் ஈரம்: அதிகம். மூச்சு: மேலோட்டம்.

இப்போது நினைவு வந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாத பெண். அழுது கண் மை கரைந்து, மேக்கப் போடுகிறவள் "இன்னொரு வாட்டி அழுதா நான் போயிருவேன்" என்று அதட்டிய பெண். செண்பகம் அவள் தோளைத் தொட்டு, "மூணு நிமிஷம் பொம்மை மாதிரி இரு தாயி" என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்ற உறவுக்காரப் பெண்களுக்கு பிரிட்ஜ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆவென்று கேட்டார்கள்.

முகூர்த்தத்தில் பூட்டும் அந்த வழக்கத்தையும் அவள்தான் தொடங்கி வைத்தாள். முதன்முதலில் ஒரு மணப்பெண்ணின் அம்மா, "நல்ல நேரத்துலயே பூட்டிருங்களேன் டீச்சர்" என்றாள். டீச்சர் என்ற சொல்லில் மயங்கி, அதற்கென்ன என்று இவள் தலையாட்டினாள். இரண்டே வருஷத்தில் அது சடங்கானது. பூ அலங்காரத்துக்கும் மாலைக்கும் நடுவே சமனி பூட்டு. குனிந்த தலை, காதுக்குப் பின்னால் டெக்னீசியனின் விரல் என்று போட்டோக்காரர்கள் அதற்கு ஒரு கோணம்கூட வைத்திருந்தார்கள். பூட்டியதைக் கழற்றுவது அபசகுனம். கழற்றாததால் தப்பு யாருக்கும் தெரியவில்லை.

செண்பகத்தின் அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு எழுந்தது. நாலு வருஷம். அவளுடைய காதுக்குப் பின்னால் இருந்த சமனி மெதுவாக இரண்டு தட்டுத் தட்டியது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் முதலாளி கனகவேல் அண்ணாச்சி பூட்டிவிட்டது அது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பாரம் கரைந்தது. அட, எவ்வளவு நுணுக்கமான பிழை என்று அவளுக்கு ஆர்வம் பொங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆதிரைக்கு எல்லாவற்றையும் பிரிட்ஜில் ஆரம்பித்து விளக்கினாள்.

ஆதிரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எனக்கு இன்னும் கல்யாணமே முடியலையாக்கா?"

"என்னது?"

"அந்த ரூம்லயேதானே உக்காந்திருக்கேன். பிள்ள பொறந்துச்சு. கையில குடுத்தாங்க. எல்லாரும் அழுதாங்க, சிரிச்சாங்க. எனக்கு வயித்தப் பிழிஞ்சுது, அவ்வளவுதான். எனக்குத் தாய்ப் பாசம் இல்ல போலன்னு இத்தன நாளா நான் யார்கிட்டயும் சொல்லல."

மறுபடியும் எழுந்தது. மறுபடியும் தட்டு விழுந்தது.

"சரி பண்ணிரலாம்" என்றாள் செண்பகம். "மூணு நாள் கழட்டி வைக்கணும். உடம்பு தன் அளவுக்குத் திரும்பட்டும். நாலாம் நாள் வா, புது சைபர் எடுத்துருவோம்."

சர்வீஸுக்கு எடுத்தால் காது வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக, உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடு ஒன்றை மாட்டி அனுப்புவது கடை வழக்கம். வேலம்மாளுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. "ஜோலி ஆனா சரி" என்று சோடா பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றே செண்பகம் பழைய கோப்புகளை எல்லாம் தோண்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பது மணப்பெண்கள். நாடி நூற்றுப் பத்து, நூற்றிருபது, நூற்று எட்டு. ஒருசிலருக்கு வேறு மாதிரி. காதலித்தவனையே கட்டிய சாத்தூர்ப் பெண் ஒருத்திக்கு அளவு முழுக்கச் சந்தோஷத்தில் நின்றது. அப்பாவின் சாவு வீட்டில் மலர்ந்த முகத்தோடு அவள் நின்றதை ஊரே காறித் துப்பியது செண்பகத்துக்குத் தெரியும். அப்போது அவளும் சேர்ந்துதான், என்ன பெண் இவள் என்றாள்.

அண்ணாச்சி சாப்பிட்டு எழுந்ததுமே இதைச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் சண்டையே போட்டுவிட வேண்டும் என்று எழுந்தாள். ஆனால் அவர் கை கழுவி வர ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு அருமையான விஷயம் கண்டுபிடிச்சிருக்கேன்" என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். "புகார் எத்தனை வந்திருக்கு?"

"ஒண்ணு."

"அதுவும் நல்லா இருந்தேன்னு." பல் குத்திக்கொண்டே சிரித்தார். "ஏ செண்பகம், ஸ்டெபிலைசர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பிரிட்ஜ்கிட்ட போய்க் கேப்பாகளா? வீட்டுக்காரன்கிட்டதானே கேக்கணும். எந்த வீட்டுக்காரன் வந்து குறை சொன்னான்?"

உவமை கச்சிதமாக இருந்தது. செண்பகமும் சிரித்தாள்.

நாலாம் நாள் காலையில் வந்த ஆதிரையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நடையே மாறியிருந்தது. வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கினாளாம். இரண்டாம் நாள் மகளைக் குளிப்பாட்டும்போது அந்தப் பிள்ளை சோப்பு நுரையை இவள் மூக்கில் வைத்துவிட்டதாம்.

"நான் சிரிச்ச சத்தத்துல அவ பயந்து அழுதுட்டாக்கா. அவ கேட்டதே இல்லல்லா! அப்புறம் அவளக் கட்டிக்கிட்டு நானும் அழுதேன். இருக்குக்கா. பாசம் இருக்கு. எனக்கு நெறைய இருக்கு."

செண்பகம் அவளை உட்கார வைத்து அளவு எடுத்தாள். இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம். நாடி எழுபத்தாறு. உள்ளங்கை உலர்ந்திருந்தது. திரையில் வரி நேராக, நிதானமாக, குளத்துத் தண்ணீர்போல ஓடியது.

"உங்களுது என்னைக்கு எடுத்ததுக்கா?" என்றாள் ஆதிரை.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு. வீட்டுக்காரரு விட்டுட்டுப் போயி ஏழு மாசம். இனிமே யாருகிட்டயும் கை ஏந்த வேண்டாம்னு வந்து நிக்கேன், அண்ணாச்சி கையில லட்டு குடுத்தாரு. லட்டு வாயில இருக்கும்போதே அளவு எடுத்தாக."

"அதான் எப்பவும் இப்படி இருக்கீங்களா?"

"எப்படி?"

"லட்டு தின்ன மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். ஆதிரைதான் முதலில் நிறுத்தினாள். "அப்ப, எனக்குச் செஞ்சத நெனச்சு உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இருந்துச்சும்மா" என்றாள் செண்பகம் உண்மையாக. "அன்னைக்கு ஒரு மூணு நிமிஷம் இருந்துச்சு."

சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வேலம்மாள் உள்ளே வந்தார். "ஆச்சா? பழைய அளவுதானே போட்டிய?"

பொய் சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் விளக்கம் கேட்டால் விளக்காமல் இருக்க செண்பகத்துக்குத் தெரியாது. புது அளவு எடுத்ததை, ஏன் எடுத்தாள் என்பதை, பழையதில் என்ன தப்பு என்பதைச் சொன்னாள். வேலம்மாளின் முகம் இறுகியது.

"ஏம்மா, நான் என்ன கொடுமைக்காரியா? இவள ஒரு நாள், ஒரு சொல் சொன்னதுண்டா? நீயே கேளு."

"சொன்னதில்ல அத்தை" என்றாள் ஆதிரை. "சொல்லுற மாதிரி நான் இருக்கலையே."

"பாத்தியளா? மூணு நாளா இந்தப் பேச்சுதான். முந்தாநாள் எம்மவன் உக்காரதுக்கு முன்னால தட்டப் போட்டு உக்காந்துட்டா. கேட்டா பசிக்குதுங்கா. எங்க வீட்டுல வந்திருக்கது யாருன்னே எங்களுக்குத் தெரியல. நாங்க கட்டிக்கிட்டு வந்த பிள்ளையத் திருப்பிக் குடுங்க."

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். சீராக வந்த பொருள், அளவை மாற்றுவதானால் வாங்கிக் கொடுத்தவர் சம்மதம் வேண்டும், அதுதான் கடைச் சட்டம் என்றார். ஆதிரையே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆதிரை, அங்க உனக்கு நல்ல பேரும்மா. சம்பந்தியம்மா எந்த விசேஷத்துல பாத்தாலும் தங்கமான பிள்ளன்னு சொல்லுதாங்க. அதக் கெடுத்துக்காத."

"அப்பா, அது நான் இல்லப்பா."

"பழைய மாதிரியே வச்சிருங்கன்னு சொல்லிரு தாயி. போன வைக்கட்டா?"

"அப்ப ஒண்ணு செய்யி" என்றார் வேலம்மாள், கத்தாமல். "அப்பா வீட்டுக்குப் போ. பேத்தி எங்ககிட்ட இருக்கட்டும்."

அண்ணாச்சி செண்பகத்தைப் பார்த்து, "போட்டு விடு" என்றார்.

அளவை மாற்றும் பலகை செண்பகத்தின் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். அந்தக் கடையில் உரிமம் பெற்ற டெக்னீசியன் அவள் ஒருத்திதான். ஆதிரைக்கு அது தெரிந்திருந்தது. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் கையைப் பிடித்தாள். ஆதிரையின் கை உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, நீங்க மாட்டேன்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாதுல்ல? சொல்லுங்கக்கா. பிள்ள விஷயத்த நான் பாத்துக்கிடுதேன். எனக்கு இப்ப கோபம் வருது, என்னால முடியும். இத மாட்டிட்டா முடியாது."

செண்பகத்துக்குள் எழுந்தது இந்த முறை அடிவயிற்றோடு நிற்கவில்லை. கண்வரை வந்தது. மாட்டேன். அந்தச் சொல் முழுசாக, சூடாக, நாக்கில் வந்து நின்றது. காதுக்குப் பின்னால் முதல் தட்டு விழுந்தது.

அவளுக்கு அந்தக் கருவி எப்படி வேலை செய்யும் என்று மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இப்போது மாட்டேன் என்றால், மூன்று நிமிஷத்துக்கு மாட்டேன். அண்ணாச்சி ஒரு டீ சொல்லி, குடித்து முடிப்பதற்குள் சரி என்றாகிவிடும். இந்த மறுப்பு நிலைக்க வேண்டுமென்றால் முதலில் தன்னுடையதைக் கழற்ற வேண்டும்.

மேஜை டிராயரை இழுத்தாள். சமனியைக் கழற்றும் சாவியைக் காணோம். இரண்டாவது தட்டு. மேல் அடுக்கில் தேடினாள், ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிடந்தது. தலையைச் சாய்த்து, கையைப் பின்னால் கொண்டுபோய், தன் திருகாணியைத் தடவிக் கண்டுபிடித்துச் சாவியைப் பொருத்தினாள். ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்குச் செய்த கைதான். தனக்குச் செய்து பழக்கமில்லை. ஒரு முழுச் சுற்றுக்குத் தொடர்பு அறுந்துவிடும். சாவி நழுவியது. மறுபடி பொருத்தினாள். கால் சுற்று. அரைச் சுற்று.

"என்ன செய்யுதே?" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது தட்டு.

வாயில் எங்கிருந்தோ நெய்யும் ஏலக்காயும் மணத்தன. தோள்கள் தளர்ந்தன. கைகள் ஓய்ந்து சாவியோடு மடியில் வந்து விழுந்தன. எதிரே ஒரு பெண் இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பாவம், பயந்துபோயிருக்கிறாள். விவரம் தெரியாததால் வருகிற பயம். எடுத்துச் சொன்னால் போய்விடும்.

"ஒண்ணும் பயப்படாத தாயி" என்றாள் செண்பகம், கனிவாக. "ரொம்ப எளிய சமாச்சாரம். பிரிட்ஜுக்கு மேல ஸ்டெபிலைசர் இருக்குல்லா?"

ஆதிரை பிடித்திருந்த கையை விட்டாள். மகள் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொன்னாள். பிறகு தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

வெறுங்கூட்டைக் கழற்றிச் சமனியைப் பொருத்த ஒரு நிமிஷம். கட்டைவிரலை வைத்துப் பழைய கோப்பை ஏற்ற ஒரு நிமிஷம். மூன்றாம் நிமிஷம் ஆதிரை புடவைத் தலைப்பில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கினாள். துடைத்தாள், துடைத்தாள், ஈரம் போகவில்லை.

"எப்படி இருக்கு?" இது விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"பழையபடி இருக்குக்கா."

"குறை எதுவும்?"

"இல்ல."

வேலம்மாள் மருமகளின் தலையை வருடிக் கொடுத்தார். உண்மையான பாசத்தோடுதான். "வா ஆத்தா, பிள்ள தேடும்." இருவரும் படியிறங்கிப் போனார்கள், முன்னால் மாமியார், ஓரடி பின்னால் ஆதிரை.

செண்பகம் கோப்பில் 'குறைபாடு இல்லை' என்று எழுதி மூடினாள். மறுநாள் பெரிய முகூர்த்தம், நாலு மண்டபம். கருவிகளை எடுத்து வைக்கும்போது மேஜையில் அந்தச் சாவி கிடப்பதைக் கண்டாள். எதற்கு எடுத்தோம் என்பது நன்றாக நினைவிருந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தால் வண்டிக் குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும், கையேட்டில் ஏழாம் பக்கம். தலையைச் சாய்த்து, பொறுமையாக, அதை இறுக்கிக்கொண்டாள்.